வால் பக்கத்தில் பேசிய மீட்டர்

மின்சாரமே இல்லாத லைனில் இருந்து ஒரு மீட்டர் என்னிடம் பேசியது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்து நின்றது. அது வந்த இடத்தைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டேன்.

மின் விநியோக அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், இரண்டு திரைகளுக்கு முன்னால் என் வேலை. வீடு, கடை, பட்டறை என்று எங்கள் எல்லைக்குள் இருக்கிற மீட்டர்கள் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது. அலுவலகத்தில் எனக்கு மீட்டர் அக்கா என்று பெயர். என்னை விடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

புது மீட்டர் ஒவ்வொன்றுக்குள்ளும் சின்ன ரேடியோ இருக்கிறது. அதன் குரல் ரொம்பத் தூரம் போகாது. அதனால் ஒன்று சொன்னதைப் பக்கத்தில் இருப்பது வாங்கி, அதற்கடுத்ததிடம் கொடுக்கும். கட்டடம் கட்டுகிற இடத்தில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவார்களே, அப்படி. கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் நாங்கள் வைத்திருக்கிற பெட்டிக்கு வந்து, அங்கிருந்து என் திரைக்கு வரும். நடுவில் ஒரு மீட்டர் நின்றுபோனால் மற்றவை யாரையும் கேட்காமல் வேறு வழி தேடிக்கொள்ளும். மனிதர்கள் இருக்கிற தெருக்களில் இவ்வளவு ஒத்தாசையை நான் பார்த்ததில்லை.

மின்சாரம் போனால் மீட்டரும் போய்விடும். ஆனால் சும்மா போகாது. உள்ளே மிச்சம் இருக்கிற துளி சக்தியில், எனக்குக் கரண்ட் போய்விட்டது என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் நிற்கும். நாங்கள் அதைக் கடைசி மூச்சு என்போம். அன்று காலை சூறைக்காற்றில் மேற்கு லைன் மேல் மரம் விழுந்தபோது, நூற்றுக்கணக்கான கடைசி மூச்சுகள் ஒரேயடியாக வந்து என் திரை சிவந்து போனது. அதற்குப் பிறகு மேற்கே ஒரு சத்தமும் இல்லை.

இப்போது அந்த மேற்கு லைனின் கடைக்கோடியில் இருந்துதான் செய்தி வந்திருக்கிறது. கோழிக்குஞ்சு பொரிக்கிற ஒரு சின்னப் பண்ணை. அந்தக் கோடியில் அது ஒன்றுதான், அதற்கென்று தனி டிரான்ஸ்பார்மர். செய்தியில் இருந்தது இவ்வளவுதான்: நான் உயிரோடு இருக்கிறேன், என்னிடம் மின்சாரம் இருக்கிறது.

பண்ணைக்கும் எங்களுக்கும் நடுவில் கம்பி அறுந்து தொங்குகிறது. அந்தக் கம்பியைச் சேர்த்துக் கட்டப் போயிருக்கிற ஆட்களில் ஒருவன் என் தம்பி.

அவன் பெயர் லைன்மேன்களுக்கு நடுவில் ஒட்டடைக்குச்சி. உயரம் அப்படி, ஒல்லி அதைவிட. இவனுக்கு ஏணி எதற்கு, நின்ற இடத்தில் கையை நீட்டினால் போதாதா என்று கேலி செய்வார்கள். என்னை விட ரொம்பச் சின்னவன். அம்மா வேலைக்குப் போன நாட்களில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது நான்தான், அதனால் அவன் மேல் எனக்கு அம்மாவை விடக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்று நினைப்பு.

லைன் வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. துணை மின் நிலையத்தில் சுவிட்சை இறக்கிப் பூட்டுவார்கள். கம்பியில் மின்சாரம் இல்லை என்று கருவி வைத்துப் பார்ப்பார்கள். அப்புறம் கம்பியைத் தடித்த கேபிளால் மண்ணோடு சேர்த்துக் கட்டுவார்கள், அதற்கு எர்த் செய்வது என்று பெயர். தப்பித்தவறி மின்சாரம் வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும், ஆள் பிழைப்பான். அறுந்த கம்பி என்றால் இரண்டு பக்கமும் எர்த் செய்ய வேண்டும் என்பது விதி. எங்கள் ஆட்கள் சோதிப்பதும் எர்த் செய்வதும் ஒரு பக்கம்தான், நிலையம் இருக்கிற தலைப் பக்கம். கம்பி போய் முடிகிற வால் பக்கத்தை யாரும் மதிப்பதே இல்லை. நிலையத்தில் அணைத்த பிறகு வாலுக்கு எங்கிருந்து வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார் போர்மேன். மேற்கு லைன் ஆட்களுக்கு அது வேதவாக்கு.

வாலில் இருக்கிற பண்ணையில் ஜெனரேட்டர் இருந்தால்? குஞ்சு பொரிக்கிற பெட்டிகள் குளிர்ந்துவிடுமே என்ற பதற்றத்தில், மெயின் சுவிட்சை இறக்காமல் ஜெனரேட்டரை நேராக வீட்டு வயரிங்கில் யாராவது செருகினால்? அந்த மின்சாரம் மீட்டர் வழியாகப் பின்னோக்கி ஓடி டிரான்ஸ்பார்மருக்குள் போகும். டிரான்ஸ்பார்மருக்கு வந்தவன் யார், போகிறவன் யார் என்று தெரியாது. இந்தப் பக்கம் வந்தால் குறைக்கும், அந்தப் பக்கம் போனால் கூட்டும். வால் பக்கத்துக் கம்பியில் ஆளைக் கருக்குகிற அளவு மின்சாரம் நிற்கும், தொங்குகிற கம்பியைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் வேன் டிரைவர் ரேடியோவில் சொல்லியிருந்தார்: "மரத்த வெட்டி ஓரமாப் போட்டாச்சு. சாப்ட்டுட்டு கம்பிய இழுக்கப் போறோம்."

வேன் ரேடியோவை எடுத்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டேன். டிரைவர் வண்டியில் இருந்தால்தானே. சாலையில் வருகிற வாகனங்களைத் திருப்பிவிடக் கொடியோடு போய் நிற்பது அவர் வழக்கம். தம்பியின் கைபேசிக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பம் ஏறும்போது கைபேசியை வண்டியில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியவள் நானே. சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக இன்றைக்குப் பார்த்தா இருக்க வேண்டும்?

போர்மேனின் எண் தொடர்பிலேயே இல்லை. பண்ணையின் எண்ணுக்கு அடித்தேன். மணி போனது, எடுப்பாரில்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்கிறவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

எங்கள் சூப்பர்வைசர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நிதானம். கூரையில் தீப்பிடித்தது என்றால் எந்தக் கூரை, எழுத்தில் இருக்கிறதா என்று கேட்பார். கெட்டவர் இல்லை. எதையும் இரண்டு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர், அவ்வளவுதான். ஓடிப்போய் அவரை என் திரைக்கு இழுத்து வந்தேன்.

"பழைய செய்தியா இருக்கும்மா," என்றார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "காலைல கிளம்பினது நடுவுல எங்கயாவது சிக்கி இப்ப வந்திருக்கும். போன மாசம் கூட வந்துதே."

அது உண்மைதான். கைமாறி வருகிற செய்தி சில சமயம் ஒரு மீட்டரிடம் தங்கிவிட்டு, சாவகாசமாக வந்து சேரும். "நேரத்தப் பாருங்க சார். இப்ப அனுப்பினது."

"அந்த மீட்டரோட கடிகாரம் குழம்பியிருந்தா?"

"சரி, கடிகாரத்த விடுங்க. இதப் பாருங்க." செய்தியின் கூடவே வந்திருந்த அளவுகளைக் காட்டினேன். மூன்று தடவை அளந்திருந்தது, மூன்றும் மூன்று விதம். மின்சாரம் ஏறி இறங்கித் தள்ளாடிக்கொண்டிருந்தது. "நம்ம கரண்ட் என்னிக்காவது இப்படி ஆடியிருக்கா சார்? இது ஜெனரேட்டர். பாரம் ஏறும்போது திணறுது."

நிதானம் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நிதானம் போன வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வால் பக்கம் எர்த் பண்ணிருப்பாங்களா?"

பண்ணியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

நிலையத்துக்குச் சொல்லி லைனை அணைக்கச் சொல்லலாம் என்றால், லைன் ஏற்கனவே அணைந்துதான் கிடக்கிறது. அணைக்க வேண்டியது எங்கள் கையிலேயே இல்லை, யாரோ ஒருவருடைய கொட்டகையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிதானம் இன்னொரு வண்டியை அனுப்பச் சொல்லிப் போனில் கத்தினார். வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. அந்த வண்டி போய்ச் சேர்வதற்குள் என் தம்பி கம்பியைக் கட்டி முடித்திருப்பான், அல்லது.

அந்த அல்லதுக்கு மேல் என் புத்தி போகவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. இந்த மீட்டர்களுக்குள் ஒரு சுவிட்சும் உண்டு. இங்கிருந்து ஒரு கட்டளை அனுப்பினால் மீட்டர் தன் வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும். பணம் கட்டாதவர்களுக்குச் செய்வது. பண்ணை மீட்டரை அடைத்துவிட்டால் ஜெனரேட்டரின் மின்சாரம் பண்ணைக்குள்ளேயே நிற்கும். குஞ்சுகளுக்கும் குறைவில்லை, கம்பிக்கும் வராது. அந்தக் கட்டளைக்கு சூப்பர்வைசரின் ரகசிய எண் வேண்டும். நிதானம் ஒரே விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தேடித் தேடித் தட்டினார். அவர் விரலைப் பிடித்து நானே அழுத்தலாமா என்று கை பரபரத்தது.

கட்டளை போனது. திரையில் சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. சேரவில்லை.

மறுபடி அனுப்பினேன். சேரவில்லை.

எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தேன். பண்ணைக்கு இந்தப் பக்கம் இருந்த மேற்கு லைன் மீட்டர்கள் எல்லாம் காலையிலேயே கண்ணை மூடிவிட்டன. பண்ணை மீட்டர் தனியாக விழித்துக்கொண்டு, கேட்பார் யாராவது உண்டா என்று நாலாபக்கமும் தேடியிருக்கிறது. வயலுக்கு அப்பால், வேறு லைனில், மின்சாரம் போகாத ஒரு வீட்டின் மீட்டர் அதற்கு அகப்பட்டிருக்கிறது. அந்த ஒரு மீட்டர்தான் பாலம். அந்தப் பாலமும் இற்றுப்போன பாலம், பத்து தடவை கூப்பிட்டால் ஒரு தடவை காதில் விழுகிறது.

அது யார் வீடு என்று பார்த்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தலைவலி அம்மா.

அந்த அம்மா தையல்காரி. வீட்டு வாசலை ஒட்டிய அறையில் மெஷின் போட்டிருக்கிறார். மெஷினுக்கு நேர் எதிர்ச் சுவரில் எங்கள் ஆட்கள் புது மீட்டரை மாட்டினார்கள். அன்றிலிருந்து மண்டை பிளக்கிறது என்று வாரம் தவறாமல் புகார். இந்த மீட்டர் நாள் முழுக்கப் பேசாது, எப்போதாவதுதான் பேசும், காதில் வைக்கிற கைபேசி இதை விட அதிகம் பேசுகிறது என்று பதில் எழுதினேன். கைபேசியை நான் கீழே வைத்துவிடலாம், உன் மீட்டரை எங்கே வைப்பது என்று திருப்பிக் கேட்டார். பிறகு ஒருநாள் அவர் மீட்டரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் தேய்ந்துவிட்டது. ஆள் அனுப்பிப் பார்த்தால், எண்ணெய் டின் ஒன்றை வெட்டி விரித்து மீட்டருக்கு மேல் கூடு மாதிரி அடித்து வைத்திருக்கிறார். தகரத்துக்குள் ரேடியோ என்ன செய்யும்? எடுக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினோம். மழைச் சாரலுக்காக மாட்டியது, எடுக்க முடியாது என்று பதில் வந்தது. வீட்டுக்குள் இருக்கிற சுவரில் என்ன சாரல் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

அந்த அம்மாவின் எண்ணை நான் தேடத் தேவையில்லை, மனப்பாடம்.

"யாரு?" பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம்.

"அம்மா, கரண்ட் ஆபீஸ். மீட்டர் செக்‌ஷன்."

"தெரியுது, உன் குரல்தான். தகரத்த எடுக்கணும், அதானே? நோட்டீஸ் வந்துச்சு. கெட்டியான காகிதம், துணிக்கு அடியில வச்சுப் பட்டன் தைக்க ஆச்சு."

"அம்மா, என் தம்பி லைன் மேல இருக்கான்."

மெஷின் நிற்கவில்லை. "அதுக்கு?"

"அறுந்த கம்பியத் தொடப் போறான். அதுல கரண்ட் இருக்கு, அவனுக்குத் தெரியாது. நான் சொல்ல வழியில்ல. பண்ணை மீட்டர இங்கேருந்து நிறுத்தணும். நான் சொல்றது உங்க மீட்டர் வழியாத்தான் அங்க போகும். வேற வழி இல்லம்மா. தகரம் மறைக்குது."

மெஷின் நின்றது.

"கூடப் பொறந்தவனா?"

"ஆமாம்மா. சின்னவன்."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "அப்ப என் மீட்டர் பேசுது. பேசவே பேசாதுன்னு எழுதினியே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீடு பற்றி எரியும்போது வாளியின் விலையைக் கேட்கிறாரே என்று நினைத்தேன். "எப்பவாவதுதான் பேசும்னு எழுதினேன். எடுத்துட்டு என்னத் திட்டுங்கம்மா. ஆயுசு முழுக்கத் திட்டுங்க."

"வாய்தான் திட்டுது. கை எடுத்துக்கிட்டுத்தான் இருக்கு," என்றார்.

அப்போதுதான் உலோகம் உரசுகிற சத்தம் என் காதில் விழுந்தது. கைபேசியை எங்கோ பக்கத்தில் வைத்துவிட்டு மெஷின் ஸ்க்ரூ டிரைவரால் திருகிக்கொண்டிருந்தார். அவருடைய மருமகன் நாலு திருகாணி போட்டு முடுக்கிக் கொடுத்திருக்கிறார். ஏதோ கோட்டைக் கதவுக்குப் போடுகிற மாதிரி.

"ஒண்ணு வந்துச்சு."

நான் இன்னொரு காதில் வேன் ரேடியோவை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நிதானம் என் பின்னால் நின்று தம்பியின் எண்ணுக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அவர் கைபேசியில் மணி போய்க்கொண்டே இருந்தது, என் ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது, இரண்டையும் அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

"ரெண்டு."

கட்டளையை அனுப்பினேன். சேரவில்லை.

"மூணாவது துருப் பிடிச்சுப் போச்சும்மா. தலை வழுக்குது."

"தகரத்த மட்டும் வளைக்க முடியுமா? ஒரு ஓரம் திறந்தாக் கூடப் போதும்."

"எத விட்டு வளைக்க? இங்க என்ன கடப்பாறையா இருக்கு?" மூச்சு வாங்கியது. பிறகு எதையோ இழுப்பறையில் இருந்து எடுக்கிற சத்தம். "கத்தரி இருக்கு."

"மீட்டர் மேல படாமப் பாத்துக்கங்க."

தகரம் கிழிகிற சத்தம் தொலைபேசியில் கேட்க நன்றாக இருக்காது. பல் கூசும். அன்றைக்கு அது நின்றுவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கிர்ரென்று ஒரு நீள இழுப்பு, நடுவில் ஒரு முனகல், மறுபடி ஒரு இழுப்பு. பிறகு டமாரென்று ஏதோ தரையில் விழுந்தது.

"விழுந்துச்சு," என்றார். "இப்ப உன் மீட்டர் பப்பரப்பேன்னு நிக்குது."

திரையில் அந்த வீட்டின் குரல் தெளிந்து வருவதைப் பார்த்தேன். கட்டளையை அனுப்பினேன். வட்டம் சுற்றியது. தண்ணீர்த் தொட்டி, மளிகைக் கடை, அதற்கடுத்த மாடி வீடு, தலைவலி அம்மா. செங்கல் கைமாறிக்கொண்டே போனது. போய்விட்டது என்று காட்டியது.

பதில் வரவில்லை.

"என்னாச்சு?" என்றார் அந்த அம்மா.

"இருங்கம்மா."

"சேர்ந்துச்சா?" என்றார் நிதானம்.

"இருங்க சார்."

வழக்கமாக ஒரு மீட்டரை நிறுத்தினால், நிறுத்திவிட்டேன் என்று அது பதில் சொல்லும். எங்கள் மீட்டர் தனக்கு வேண்டிய மின்சாரத்தைக் கம்பிப் பக்கத்தில் இருந்து எடுத்துக்கொள்ளும், வீட்டை நிறுத்திய பிறகும் அதற்கு உயிர் இருக்கும். ஆனால் இந்தப் பண்ணை மீட்டருக்குக் கம்பியிலிருந்து ஒன்றும் வரவில்லை. அது உயிரோடு இருப்பதே ஜெனரேட்டர் பின்பக்கமாக ஊட்டுவதால்தான். வாசலை அடைத்தால் தன் சோற்றையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும். அதாவது, நான் சொன்னதை அது செய்திருந்தால் செத்திருக்கும். செய்யாவிட்டால் உயிரோடு இருக்கும். இரண்டுக்கும் இடையில், செய்தி வழியிலேயே விழுந்துவிட்டது என்பதும் நடக்கலாம். அந்த நொடி வரை மூன்றுக்கும் என் திரையில் ஒரே அமைதி.

நான் எதிர்பார்க்க வேண்டியது அதன் கடைசி மூச்சை. ஒரு உயிர் பிழைத்ததா என்று தெரிய இன்னொன்று செத்ததாகச் சேதி வர வேண்டும். அப்படி ஒரு நிலைமை எதிரிக்கும் வேண்டாம்.

வந்தது. பண்ணை மீட்டரின் பெயரில் ஒரு சிவப்பு வரி: எனக்குக் கரண்ட் போய்விட்டது.

நிதானம் என் தோளைத் தொட்டார். பிறகு அவரே மெதுவாகக் கேட்டார், "காலைல அனுப்பினது இல்லையே?"

காலையில் மரம் விழுந்தபோதும் அந்த மீட்டர் இதே வரியை அனுப்பியிருக்கும். அது எங்கோ சிக்கி இப்போது, தகரம் விலகியதும், வந்திருக்கலாம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதைக் கேட்டதற்காக அவரைக் கடித்துக் குதறியிருப்பேன். நேரத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் முட்டி எண்கள் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

"இப்பத்தான் சார். இப்ப."

அப்போதும் ரேடியோ சும்மாதான் இருந்தது. கம்பியில் இனி மின்சாரம் இல்லை. ஆனால் இதற்கு முன்னால் தொட்டிருந்தால்? நாற்காலியில் உட்கார்ந்தேன். கைபேசி இன்னும் என் காதில் இருந்தது, அந்த அம்மா மூச்சு விடுவது கேட்டது.

ரேடியோ கரகரத்தது. "வேன் பேசுது. கூப்ட்டீங்களா? ரோட்டுல நின்னுட்டேன்."

"அண்ணே, தம்பி எங்க?"

"ஒட்டடையா? கம்பத்து மேல."

"வால் கம்பியத் தொட்டுட்டானா?"

"கையில பிடிச்சுட்டான். முடுக்கிக்கிட்டு இருக்கான். ஏன்?"

"எப்ப பிடிச்சான்?" என்று கேட்டது நிதானம்.

"இப்பதான் சார். நான் வண்டிக்கு நடந்து வரும்போது."

நான் அனுப்பிய கட்டளைக்கும் அவன் கை நீட்டியதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது என்பது அலுவலகப் பதிவில் இருக்கிறது, டிரைவரைக் கேட்டால் அவர் பங்கும் தெரியும். இரண்டையும் வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இன்று வரை போடவில்லை.

"கீழ இறங்கச் சொல்லுங்க அண்ணே. கம்பிய விடச் சொல்லுங்க. வால் பக்கமும் எர்த் பண்ணிட்டுத்தான் மேல ஏறணும். பண்ணைல ஜெனரேட்டர் ஓடுது."

டிரைவர் கதவைத் திறந்து கத்துவது கேட்டது. காற்றில் ஏதோ பதில் வந்தது. அந்தக் குரலை எந்தக் காற்றிலும் எனக்குத் தெரியும். மேலே உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறான்.

"வால் பக்கமா? சட்டில இருந்தாத்தானே அகப்பைல வரும்னு அக்காகிட்ட சொல்லுங்க."

நான் ரேடியோவை நிதானத்திடம் கொடுத்துவிட்டேன். நிதானம் அதை வாங்கி, தன் வாழ்நாளில் முதல்முறையாக, எழுத்தில் இல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லி அவனை இறங்கச் சொன்னார்.

காதில் இருந்த கைபேசியில் அந்த அம்மா கேட்டார், "பேசினானா?"

"பேசினாம்மா. சிரிக்கிறான்."

"சிரிக்கட்டும்." பெருமூச்சு விட்டார். "என் கத்தரி போச்சு. அதுல காகிதம் வெட்டவே யாரையும் விட்டதில்ல நான்."

"புதுசு வாங்கித் தரேம்மா."

"உன் புதுசு யாருக்கு வேணும்? கை பழக இன்னும் பத்து வருஷம் ஆகும்." பிறகு குரல் இறங்கியது. "இறங்கிட்டானா?"

"இன்னும் இல்ல. சொல்லிருக்கு."

"அப்ப தகரத்த இப்ப மாட்டல. மறுபடி ஏதாவது அனுப்பணும்னா?"

"உங்களுக்குத் தலை வலிக்குமே."

"வலிக்கத்தான் செய்யும். மெஷின அந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டு உக்காந்துக்கறேன். கால் தரைல பட்டதும் சொல்லு."

வைத்துவிட்டார். அதற்கப்புறம் பண்ணைக்காரனின் வீட்டில் யாரோ போனை எடுத்தார்கள், ஜெனரேட்டர் நின்றது, இரண்டாவது வண்டி போய்ச் சேர்ந்தது. போர்மேன் தன் கையாலேயே வால் பக்கத்துக் கம்பியை எர்த் செய்தார் என்று டிரைவர் சொன்னார். பழமொழி எதுவும் சொல்லவில்லையாம்.

தம்பி இறங்கிவிட்டான் என்று சொல்ல நான் அந்த அம்மாவைக் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் மெஷின் சத்தம் இல்லை. அதுவரை தைக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.